பெரிய டம்ளர்

மலையடிவாரத்து மடம் ஒன்று பள்ளிக்கூடமும் நடத்தி வந்தது. அங்கே காலையில் பால் ஊற்றும் பொறுப்பு தணிகாசலத்துடையது.

தணிகாசலம் பாதி ஆயுளைத் தெருவில் கழித்தவர். ஊர்வலம், உண்ணாவிரதம், சிறை என்று அலைந்து, தலை நரைத்த பிறகு மடத்துக்கு வந்து சீடரானார். குருவுக்கு அவரைவிட வயது குறைவு. சீடர் என்றாலும் குரு அவரிடம் மரியாதையோடுதான் பேசுவார்.

ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசப் பால் வேண்டும் என்று தாலுகா அலுவலக வாசலில் படுத்தவர் தணிகாசலம். அதிகாரிகள் இரக்கப்பட்டுக் கொடுக்கவில்லை. வாசலை அடைத்துக் கிடந்தவரைத் தாண்டிப்போக முடியாமல் கொடுத்தார்கள். கொடுத்த கையோடு நிபந்தனையும் போட்டார்கள். வசதியுள்ள பிள்ளைகள் காசு கட்டிக் குடிக்க வேண்டும். இல்லாத பிள்ளைகளின் பாலுக்கு மட்டும்தான் மானியம். காசுக்குக் குடித்தவர்கள் எத்தனை, இலவசமாகக் குடித்தவர்கள் எத்தனை என்று அன்றன்றைக்குப் பிரித்து எழுதி அனுப்ப வேண்டும். பிசகினால் பால் நின்றுவிடும். பிள்ளையின் பசி அவர்களுக்குப் புரியாது. கட்டம் போட்ட தாள் புரியும்.

தணிகாசலம் ஒரு வழி கண்டுபிடித்தார். காசு கட்டும் பிள்ளைகளுக்குச் சின்ன டம்ளர். இலவசப் பிள்ளைகளுக்குப் பெரிய டம்ளர். கடைசியில் கழுவக் கிடக்கும் டம்ளர்களை எண்ணினால் கணக்கு தானாக வந்துவிடும். ஏழைப் பிள்ளைக்கு நாலு வாய் கூடுதலாகவும் போகும். அந்தக் கூடுதலுக்கு மடத்து மாடுகள் இருந்தன.

"இல்லாதவனுக்குக் கூட! எந்த சர்க்கார் இதைச் செஞ்சிருக்கு?" என்று சமையற்கட்டில் நின்று கேட்பார்.

"நம்ம கட்டுல உங்க சர்க்கார்தானேய்யா. கொஞ்சம் தள்ளுங்க, பால் பொங்குது" என்பாள் சமைக்கும் ராக்கு.

எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. செங்கல் சூளைக் கூலியின் மகள் செவ்வந்தி மட்டும் குடிப்பதை நிறுத்திவிட்டாள்.

"எனக்குப் பால் புடிக்காதுங்கய்யா."

போகட்டும் என்று விட்டார். ஒருநாள் காலை வழிபாட்டு வரிசையில் அந்தப் பெண் மயங்கி விழுந்தாள். தூக்கியவர் தணிகாசலம்தான். ஆறாம் வகுப்புப் பிள்ளை கோழிக்குஞ்சு கனம்கூட இல்லை.

அவரே பெரிய டம்ளர் நிறைய ஊற்றி, எல்லோர் முன்னாலும் கொண்டுபோய் நீட்டினார்.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "சொம்பு வந்துருச்சு டோய்!"

பெரிய டம்ளருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் அது. வரிசை முழுக்கச் சிரிப்பு. தணிகாசலம் திரும்பி அதட்டினார். செவ்வந்தி வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டாள்.

மதியம் அவர் சமையற்கட்டுப் பக்கம் போனபோது, கழுவப் போட்டிருந்த அண்டாவுக்குள் குனிந்து அவள் பாலேடு சுரண்டித் தின்றுகொண்டிருந்தாள்.

தணிகாசலம் நேரே குருவிடம் போனார்.

"சாமி, அந்தப் பொண்ணு பொய் சொல்லுது."

"என்ன பொய்?"

"பால் புடிக்காதாம். ஒளிஞ்சு ஏடு திங்குது. நான் படுத்துக் கிடந்து வாங்குன பால் சாமி அது. குடுத்தா வேணாங்குது. இப்படியே விட்டா படுத்துரும். நீங்க ஒரு வார்த்தை சொன்னாக் குடிக்கும்."

"குருபூசை முடியட்டும்" என்றார் குரு.

குருபூசைக்கு ஊரே வந்தது. தணிகாசலத்தின் போராட்டக்காலத் தோழர்கள் இரண்டு பேர் வந்தார்கள். பந்தியில் அவரை நடுவில் உட்காரவைத்து, "இங்கயும் தலைவர்தானா?" என்று கிண்டல் செய்தார்கள். அவரும் சிரித்தபடி இலையில் தண்ணீர் தெளித்தார்.

குரு பந்தியைப் பார்த்துக்கொண்டே வந்தார். தணிகாசலத்தின் முன்னால் நின்றார். அந்த இலையை எடுக்கச் சொல்லி, மற்றவர்களுக்குப் போட்டதைவிட நீளமான இலையை அவரே விரித்தார்.

"இவருக்கு நிறைய வைங்கப்பா" என்றார். குரல் கனிவாகத்தான் இருந்தது. பந்தி முழுக்கக் கேட்டது. "இவருக்கு வீடு வாசல் கிடையாது. குடும்பம் கிடையாது. மடத்துச் சோறுதான். ரெண்டு கரண்டி கூடப் போடுங்க."

சோறு குவிந்தது. இடப்பக்கத்துத் தோழர் தன் இலையைப் பார்த்துக்கொண்டார். வலப்பக்கத்துக்காரர் அப்பளத்தை நொறுக்கினார்.

தணிகாசலம் கையை வைக்கவில்லை.

"சாப்பிடலயா?" என்றார் குரு.

"வயிறு சரியில்ல சாமி."

குரு அடுத்த இலைக்குப் போனார்.

கூட்டம் கலைந்ததும் தணிகாசலம் குருவின் அறைக்குள் நுழைந்தார். முகம் சிவந்திருந்தது.

"சிறையில களி தின்னப்பகூட எனக்கு இந்த அவமானம் நடக்கல."

"என்ன அவமானம்? குறைச்சா வைக்கச் சொன்னேன்?"

"கூட வச்சதுதான் சாமி..."

வெளியே ராக்கு பாத்திரங்களைப் போட்டு உருட்டும் சத்தம் கேட்டது.

தணிகாசலம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு தரையில் உட்கார்ந்தார்.

"எல்லாருக்கும் ஒரே டம்ளர் குடுத்துடலாம். அது ஒண்ணும் பெரிய காரியமில்ல. கணக்கு?"

குரு கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவனுங்க நம்மள நம்புறவனுங்க இல்ல சாமி. ஒரு நாள் பிசகுனாப் போதும், நிறுத்திருவான். அப்புறம் ஒரு பிள்ளைக்கும் பால் இல்ல."

"நிறுத்துவாங்கதான்."

"அப்போ ஒவ்வொரு முகமாப் பாத்து மனசுல வச்சுக்கணும். யார் குடிச்சா, யார் குடிக்கலன்னு. அப்புறம் தனியா உக்காந்து, யார் காசு கட்டுனது, யார் கட்டலன்னு பிரிக்கணும்."

"ஆமா."

"தினமும்."

"ஆமா."

"வயசாயிருச்சு சாமி எனக்கு. காலையில சொன்னது சாயங்காலம் மறந்துபோகுது. அது எவ்வளவு பெரிய பாரம்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றார் குரு. "அதைத்தானே இத்தனை நாளா அந்தப் பிள்ளை கையில குடுத்து, நிக்க வச்சிருந்தீங்க."