அரசியார் கையால் தின்ற தர்ப்பூசணி

முன்னொரு காலத்தில், கோடையில் ஆறு வற்றியதும் மணலெல்லாம் தர்ப்பூசணிக் கொடி படரும் நாடு ஒன்று இருந்தது. அதை ஆண்ட மாறவல்லவனின் மனைவி மழைக்காலத்துக் காய்ச்சலில் இறந்துபோனாள். அதற்குப் பிறகு அவன் சிரித்ததை யாரும் பார்க்கவில்லை.

கோடை வந்ததும் அவனுக்குத் தர்ப்பூசணி தின்ன ஆசை வந்தது. வரிப்பழம், கரும்பச்சைப் பழம், உள்ளே மஞ்சளாக இருக்கும் பழம், கையில் அடங்கும் குட்டிப் பழம் எல்லாம் வந்தன. ஒவ்வொன்றையும் ஒரு வாய் தின்றுவிட்டுத் தள்ளினான்.

"போன கோடையில் அரசி தந்த பழத்தின் ருசி எதிலும் இல்லை. குடிகள் என்னை ஏமாற்றுகிறார்கள். நாளை மாலைக்குள் அந்த ருசி வராவிட்டால், ஆற்றிலுள்ள கொடிகளையெல்லாம் பிடுங்கி எறியுங்கள்!"

அந்தக் கொடிகளை நம்பித்தான் நூறு குடும்பங்கள் கஞ்சி குடித்தன. துக்கம் வந்தால் அரசனுக்கு அதெல்லாம் தெரியுமா?

விகடகவி கீரந்தையைக் கண்டால் மந்திரி நரசப்பருக்கு வயிறு எரியும். "அரசே, நம் கீரந்தையிடம் கேளுங்கள். முடியாவிட்டால் அவனும் நாட்டைவிட்டுப் போகட்டும்" என்றார்.

"அரசி எனக்குத் தந்ததை அப்படியே கொண்டு வா" என்றான் அரசன்.

"அப்படியேவா, அரசே?"

"அப்படியேதான். இம்மியும் மாறக்கூடாது."

மறுநாள் கீரந்தை ஒரே ஒரு வரிப்பழத்துடன் வந்தான். சபை நடுவே உட்கார்ந்து அறுத்தான். விதையில்லாத சிவந்த நடுப்பகுதியை எடுத்துத் தனித்தட்டில் வைத்துவிட்டு, ஓரத்தைத் தான் கடிக்கத் தொடங்கினான்.

"அரசர் பசித்திருக்க இவன் தின்கிறான்! என்ன திமிர்!" என்று மந்திரி கத்தினார்.

கீரந்தை தட்டை அரசனிடம் நீட்டினான். ஒரு துண்டை வாயில் போட்ட அரசன் கண்ணை மூடிக்கொண்டான்.

"இதேதான்! எந்த ஊர்ப் பழம்?"

"நேற்று நீங்கள் முதலில் தள்ளினீர்களே, அதே கொடியில் காய்த்ததுதான். சமையல்காரர் ஓரத்தோடு சேர்த்துத் தருகிறார். அரசியார் அப்படித் தந்ததே இல்லை. நடுவை உங்களுக்கு வைத்துவிட்டு ஓரத்தைத் தாம் தின்பார். நீங்கள் ஓலை படித்துக்கொண்டே சாப்பிடுவீர்கள். பக்கத்தில் நின்று கதை சொன்ன நான் பார்த்தேன்."

"எத்தனை கோடை?"

"பதினோரு கோடை, அரசே."

அரசன் கீரந்தையின் கையிலிருந்த ஓரத்துண்டை வாங்கிக் கடித்தான். வெளுத்துப்போய், சப்பென்று இருந்தது. "இதையா தின்றாள்?" என்றான். சபையென்றும் பாராமல் அழுதான்.

"கேட்டால், எனக்கு ஓரம்தான் பிடிக்கும் என்பார். அரசியாருக்குப் பொய் சொல்லத் தெரியாது, அரசே. முகத்தைச் சுளித்துக்கொண்டே சொல்வார்."

அந்தச் சுளிப்பு அரசனுக்கு நன்றாகத் தெரியும். அழுகைக்கு நடுவே அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கொடிகளைத் தொடாதீர்கள்" என்றான். பிறகு நடுத்துண்டுகள் இருந்த தட்டைக் கீரந்தையின் பக்கம் தள்ளினான். "இது உனக்குப் பரிசு. தின்னு." மிச்சமிருந்த ஓரங்களைத் தன் பக்கம் இழுத்து, ஒன்றுகூட விடாமல் தின்றான்.