சம்பந்தி விருந்தும் சாணி எருவும்

மேலப்பனையூர் அரண்மனைத் தோட்டக்காரர், வயது ஐம்பத்தொன்று நிரம்பிய ஸ்ரீமான் சொரிமுத்து அவர்கள், ஒரு மண்புழுவினால் வீடிழக்க இருந்தார். பட்டு வேட்டியோடு தோட்டத்தில் உலாவிய ஜமீன்தார் கோதண்ட பூபதியின் பாதத்தில் அப்புழு ஏறிவிட்டது. ஜமீன்தார் துள்ளிக் குதித்தார்.

"டேய்! சாணியும் மட்கிய குப்பையும் புழுவும் பட்ட எதுவும் நாளை முதல் என் வாசலுக்குள் இருக்கக் கூடாது. இருந்தால் உன் குடிசையைப் பிரித்தெறிவேன்!"

"உத்தரவு, எஜமான்."

மறுநாள் சம்பந்தி வீட்டார் விருந்துக்கு அமர்ந்தார்கள். இலை இல்லை. வெள்ளித் தட்டுகளில் ஆளுக்கொரு சிட்டிகை உப்பு மட்டும் இருந்தது.

"சோறு எங்கேடா?" என்று பூபதி உறுமினார்.

"நெல் சாணி தின்று வளர்ந்தது, எஜமான். கத்தரிக்காய் மட்கிய குப்பையைத் தின்றது. வாழையின் காலடியில் புழு நெளிந்தது. விடிவதற்குள் எல்லாவற்றையும் வாசலுக்கு வெளியே வைத்துவிட்டேன். உத்தரவுக்குப் பங்கமில்லாமல் மிஞ்சியது கடலுப்பு ஒன்றுதான்."

சம்பந்தியம்மாள் உப்பை நக்கிக்கொண்டே கேட்டார்: "அப்படியானால் எங்கள் சம்பந்தியின் தொந்தி?"

"அத்தனையும் நம் தோட்டத்துச் சாணிதான், அம்மா" என்றார் சொரிமுத்து, மிகுந்த பணிவோடு.

பந்தி முழுவதும் குலுங்கிச் சிரித்தது. பூபதி தாமே வெளியே சென்று, கத்தரிக்காய்க் கூடையைத் தலையில் சுமந்து வந்தார். உத்தரவு ரத்தாகி, குடிசை நிலைத்த நாள், ஐப்பசி பதினேழு, வெள்ளிக்கிழமை.