கட்டங்களுக்குச் சொன்ன சம்மதம்

லாசர் மச்சாதுவை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு. தூத்துக்குடியில் அப்போது எனக்குச் செல்போன் பழுது பார்க்கும் கடை இருந்தது. அவர் சரக்குக் கப்பலில் வேலை செய்தவர். பத்து மாதம் கழித்து ஊர் திரும்பியவர், ரயிலிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போகாமல் பையோடு நேரே என் கடைக்கு வந்தார்.

அவர் கொடுத்த போனை ஏதோ ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தில் வாங்கியிருந்தார். அந்த ஊர் டெலிபோன் கம்பெனி தன் பெயரைப் போட்டு விற்றது. ஆன் செய்தால் கம்பெனியின் படம் வரும். வேண்டாத ஆப்கள் நிறைய இருக்கும், அழிக்க முடியாது. லாசருக்கு அதெல்லாம் பெரிதில்லை. கம்பெனி ஏற்றிய சாஃப்ட்வேரில் தமிழ் எழுத்து கிடையாது என்பதுதான் அவர் குறை. மனைவி ரெஜினா தமிழில் அனுப்பிய மெசேஜ் எல்லாம் வெறும் கட்டங்களாகத் தெரிந்தன.

"பத்து மாசமா கட்டத்தத்தான் பாத்துக்கிட்டிருந்தேன் அண்ணாச்சி."

"வீட்ல சொல்லலியா?"

"சொன்னா எழுதுறத நிப்பாட்டிருவா. அவளுக்குத் தமிழ் மட்டுந்தான் வரும். எல்லாத்துக்கும் இங்கிலீஷ்ல 'ஓகேம்மா'ன்னு அடிச்சு விட்டுருவேன். வீட்டையே வித்திருந்தாலும் நான் ஓகே சொன்னதாத்தான் இருக்கும்." சிரித்தார். "கரையில எல்லாம் அவதான பாக்கா. அவ செய்யிறதுக்கு நான் எப்பவும் குறுக்க நின்னதில்ல. ஆனா வீட்டுக்குப் போனதும் ஒவ்வொண்ணா கேப்பா. அதுக்கு முன்ன வாசிச்சிரணும்."

கம்பெனி சாஃப்ட்வேரை எடுத்துவிட்டு, அதே போனுக்கான பொதுவான சாஃப்ட்வேரைப் போட்டால் தமிழ் வந்துவிடும். போடும்போது உள்ளே இருப்பதெல்லாம் அழியும். ஆகவே முதலில் மெசேஜ்களைக் கம்ப்யூட்டரில் எடுத்து வைத்து, பிறகு திரும்ப ஏற்ற வேண்டும். ஒரு மணி நேரம் கேட்டேன்.

"முடி வெட்டிட்டு வாரேன். அவகிட்ட மட்டும் இதச் சொல்லிராதீரும்."

"சொல்ல மாட்டேன்" என்றேன்.

சலூனுக்குப் போகும் வழியில் லாரி மோதி இறந்துபோனார். அன்றே பையை வீட்டில் சேர்த்தேன். போனைக் கொடுக்கவில்லை. மெசேஜ்களை எடுத்து வைத்திருந்தேன், சாஃப்ட்வேரை மாற்றியிருக்கவில்லை. அதன்பின் தொடக் கை வரவில்லை. அப்போது என் மனைவி உயிரோடு இருந்தாள். அவளிடம்கூட நான் இதைச் சொல்லவில்லை. முப்பதாம் நாள் பூசையில்தான், போன் என்னிடம் இருப்பதை ரெஜினாவிடம் சொன்னேன்.

மறுநாளே வந்தாள். கூட லாசரின் தம்பி பெனடிக்ட்.

"அண்ணாச்சி, மாசி மாசம் நான் எங்க வீட்டுக்காரருக்கு ஒரு மெசேஜ் போட்டேன். எம் மக செல்சியாவ அந்த மணப்பாட்டுப் பையனுக்குக் குடுப்பமான்னு. ஓகேன்னு பதில் போட்டாரு. என் சின்ன போன்ல பழசு நிக்காது, அழிஞ்சிட்டு. இவரு நம்ப மாட்டேங்காரு."

"எப்படி நம்புறது மதினி? அந்தப் பையனும் கப்பல்காரன். கப்பல்காரனுக்குப் பொண்ணு குடுக்கவே மாட்டேன்னு அண்ணன் எங்கிட்ட சொல்லியிருக்கான். ஞாயித்துக்கிழமை கோவில்ல கல்யாண ஓலை வாசிக்கப் போறாங்க, தடை இருந்தா சொல்லச் சொல்லி. அண்ணன் சம்மதிச்சத அவன் போன்லயே பாத்தா நான் வாய் தொறக்கல. இல்லன்னா சாமியார்ட்ட போய்த் தடை சொல்லுவேன்."

செல்சியாவின் கல்யாணம் இப்போது என் மேசைமேல் கிடந்தது. போனை அப்படியே கொடுத்தால், கட்டங்களும் அவற்றின் கீழே ஓர் ஓகேயும் தெரியும். அண்ணன் எதையும் வாசிக்கவில்லை என்பது பெனடிக்டுக்கு விளங்கிவிடும், ரெஜினாவுக்கும். சாஃப்ட்வேரை மாற்றிக் கொடுத்தால், கேள்வி சுத்தமான தமிழில் நிற்கும், அதன் கீழே அவர் ஓகேயும் நிற்கும்.

"அவரு சொன்ன வேலை பாதியில நிக்கி. இருபது நிமிஷம் இருங்க" என்றேன்.

"வேலைய பொறவு பாரும். முதல்ல காட்டும்" என்றான் பெனடிக்ட்.

"கடைசியா அவரு சொன்ன வேலை. முடிச்சே குடுக்கட்டும்" என்றாள் ரெஜினா.

வயரைச் சொருகினேன். நடுவில் கரண்ட் போனால் போனே செத்துவிடும். அன்று காற்று பலமாக இருந்தது, டியூப்லைட் இரண்டு முறை மினுக்கியது. பெனடிக்ட் திரையைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கம்பெனியின் படம் போயிற்று. மெசேஜ்களை ஏற்றி நீட்டினேன்.

ரெஜினா தேடி எடுத்தாள். பெனடிக்ட் இரண்டு முறை வாசித்தான்.

"அண்ணாச்சி, இத அண்ணன் வாசிச்சானா?"

"கேள்வி இருக்கு. கீழ பதிலும் இருக்கு" என்றேன்.

அவன் போனை ரெஜினாவிடம் கொடுத்துவிட்டு இறங்கிப் போனான். ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசித்தார்கள். யாரும் தடை சொல்லவில்லை.

வாசிக்காமலே சம்மதம் சொன்னவர் ஒருவர். அதை நம்பி மகள் கல்யாணத்துக்கு வாக்குக் கொடுத்தவள் ஒருத்தி. இறந்தவர் இட்ட வேலையை முடித்து, அதனாலேயே உண்மையை மறைத்தவன் ஒருவன். இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: ரெஜினா செய்தது சரி. கேட்டாள், பதில் வந்தது, நம்பினாள். லாசர் செய்தது பாதி சரி. அவர் ஓகே சொன்னது கல்யாணத்துக்கு அல்ல, ரெஜினாவுக்கு. அவள் முடிவுக்குக் குறுக்கே நின்றதில்லை என்று அவரே என்னிடம் சொன்னார். பெனடிக்டின் காதில் விழுந்திருக்க வேண்டிய சம்மதம் அந்த ஒரு வாக்கியம்தான். அவளிடம் மட்டும் சொல்லாதே என்றுதான் லாசர் கேட்டார், தம்பியிடம் சொல்லாதே என்று கேட்கவில்லை. அவனைத் தனியே அழைத்து அதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டானோ என்று பயந்து, போனைச் சாட்சியாக்கினேன். நான் செய்தது சரியில்லை.

செல்சியா மணப்பாட்டில் இருக்கிறாள். போன் ரெஜினாவிடம் இருக்கிறது. அதற்குச் சேரும் பேட்டரி இப்போது எங்கும் கிடைப்பதில்லை.