இரண்டாவது ஒட்டு

"இந்தத் தடவையாவது ஒட்டுமா, டாக்டரம்மா?"

கேட்டவர் ஆலடிச் சாமி. சுற்றுவட்டார சனமெல்லாம் அவரிடம் வந்துதான் பயத்தைச் சொல்லும். அவரும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பயம்ங்கிறதே பொய்" என்று சொல்லி அனுப்பிவைப்பார்.

இப்போது அவருக்கே உள்ளங்கை வேர்த்திருந்தது. அதனால்தான் கூட வந்த சீடர் கோமதிநாயகத்தை வராந்தாவில் உட்காரச் சொல்லிவிட்டு, கதவு சாத்திய பிறகு கேட்டார்.

டாக்டர் ஜெபக்கனி காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார்.

சாமிக்கு இடது காது சின்ன வயசிலேயே காய்ச்சலில் போய்விட்டது. மிச்சமிருப்பது வலது காதுதான். அதன் சவ்வில் ஓட்டை. போன வருஷம் வேறொரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து ஒட்டுப் போட்டார்கள். நிற்கவில்லை. இப்போது போடப்போகிற ஒட்டும் நிற்காமல் சீழ் உள்ளே இறங்கினால் இந்தக் காதும் போகும். அப்புறம் யார் குறையையும் கேட்க முடியாது.

"நிறைய பேருக்கு ஒட்டிக்கிடும், சாமி. சில பேருக்கு ஒட்டாது."

"நான் அந்தச் சில பேர்ல ஒருத்தனா?"

"போன தடவை ஏன் போச்சுன்னு முதல்ல பார்ப்போம். சளி பிடிச்சிருந்ததா?"

"இல்ல."

"காதுக்குள்ள தண்ணி போச்சா?"

"பஞ்சு வைக்காம குளிச்சதே இல்ல."

"பீடி, சுருட்டு?"

"சிவசிவா!"

"மூக்கைச் சீந்துனீங்களா?"

"சீந்தக் கூடாதுன்னு சொன்னாங்க. ஒரு தடவைகூடச் சீந்தல."

"அப்போ அந்த டாக்டர் கைதான் சரியில்லைன்னு நினைக்கீங்களா?"

சாமி அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் பேனாவை மூடிவைத்தார்.

"போன தடவை ஒட்டுப் போட்டப்போ பயமா இருந்துச்சா, சாமி?"

சாமி கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். "கொஞ்சம்."

"பயம் வந்தா என்ன செய்வீங்க?"

"மூச்சை அடக்குவேன். அதுக்கு மிஞ்சின மருந்து ஏது? சனங்களுக்கும் அதைத்தான் சொல்லிக் கொடுக்கேன்."

"செஞ்சு காட்டுங்க."

இது தெரிந்த வேலை. சாமிக்கு முகம் தெளிந்தது. நாற்காலியிலேயே சம்மணம் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். இரண்டு விரலால் மூக்கை இறுக்கிப் பிடித்து, கண்ணையும் வாயையும் மூடி, மோவாயைத் தாழ்த்தி, உள்ளே இருந்த காற்றை மேல்நோக்கி முட்டினார்.

வலது காதிலிருந்து உஸ்ஸென்று காற்று வந்தது.

சாமி கண்ணைத் திறந்தார். விரல்கள் மூக்கிலேயே இருந்தன.

"ஒட்டுப் போட்ட பிறகும் இதைச் செஞ்சீங்களா?"

"காலையிலயும் சாயங்காலமும்." சாமி கையைக் கீழே இறக்கினார். "ஒட்டணுமே ஒட்டணுமேன்னு பயந்து, கூடுதலாவே செஞ்சேன்."

டாக்டர் அவரைத் திட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"இனிமே மூக்குல கை வைக்கக் கூடாது. தும்மல் வந்தா வாயைத் திறந்துட்டுத் தும்மணும்."

"பயம் வந்தா?"

"பயப்படுங்க."

"எப்படி?" என்றார் சாமி.

கேலிக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை.

"உங்ககிட்ட வாரவங்க என்ன செய்யுதாங்க?"

"வந்து சொல்லுதாங்க."

டாக்டர் மணியை அடித்து அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

சில நாளில் ஆபரேஷனும் முடிந்தது. மயக்கம் தெளிந்தபோது தலையைச் சுற்றிக் கட்டு. கேட்கிற காதுக்குள் பஞ்சுத்திரி அடைத்திருந்தது.

மேலே மின்விசிறி சுற்றியது. சத்தமில்லை. கட்டிலோரம் கோமதிநாயகத்தின் உதடு அசைந்தது. சத்தமில்லை. தன் மூச்சு மட்டும் மண்டைக்குள் புஸ்புஸ்ஸென்று கேட்டது.

இனிமேல் இப்படியேதானா?

உள்ளே எங்கேயோ டக்கென்றது. ஒட்டு விலகிவிட்டதோ? விலகாமலும் இருக்கலாம். எப்படித் தெரிந்துகொள்வது? ஒரே ஒரு தடவை, மெதுவாக, மூக்கைப் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சாமி இப்படிப் பயந்ததே இல்லை.

கை தானாக எழுந்தது. இரண்டு விரலும் மூக்கைத் தொட்டன.

கோமதிநாயகம் பார்த்தார். இந்த நிலைமையிலும் சாமி பயிற்சியை விடவில்லையே என்று உருகிப்போனார். இடைஞ்சலாக இருக்கக் கூடாதென்று எழுந்து, கைகட்டி ஒதுங்கி நின்றார்.

விரல்கள் இறுகவில்லை. மூக்கின் மேலேயே நின்றன.

"எனக்குப் பயமா இருக்கு."

அடைத்த காதுக்குள் தன் குரலே இடியாய் இடித்தது. ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டிருக்கும் என்று நினைத்து சாமி கூனிக்குறுகினார்.

கோமதிநாயகத்துக்கோ ஒரு முனகல்தான் கேட்டது. "என்ன சாமி? என்ன வேணும்?" என்று பதறி ஓடிவந்தார்.

சாமிக்கு அது கேட்கவில்லை. விரிந்த கண்களும் அசைகிற உதடும் தெரிந்தன. இவனிடமா சொல்வது? பத்து வருஷமாக இவனுக்கு எதற்கும் பயப்படாதே என்று சொல்லிக் கொடுத்தவர் அவர்.

மூக்கிலிருந்த கையை எடுத்து, கோமதிநாயகத்தின் தோளைப் பற்றி இழுத்தார்.

கோமதிநாயகம் குனிந்து, தன் காதை அவர் வாயருகே கொண்டுவந்தார்.

சாமி தன் பயத்தை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.