காற்றை விலைக்குக் கேட்ட முதலாளி

பாதித் துறைமுகமே தன்னுடையது என்று நினைப்பவர் ராயப்பன் முதலாளி. கடலில் காற்று எப்படி என்று மீனவர்களுக்கு இலவசமாகச் சொல்லும் செல்போன் செயலி மேல் அவருக்குக் கண்.

"அதைச் செஞ்சவனை நாளைக்குக் காலையில கூட்டிட்டு வா. விலைக்கு வாங்கணும். இல்லைன்னா நீ வேலைக்கே வராதே," என்றார் கணக்கெழுதும் ஜெஸிந்தாவிடம்.

"ஆபீஸ்ல இடம் பத்தாது முதலாளி. நீங்க கடற்கரைக்கு வாங்க."

விடிந்ததும் முதலாளி கடற்கரைக்குப் போனார். மணல் தெரியாத கூட்டம்! கம்ப்யூட்டரில் செயலிக்கு நிரல் எழுதியவர்கள் ஓரமாகக் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள், செயலியைத் தமிழாக்கிய டீச்சர், படம் வரைந்த பெயிண்டர், புதியவர்களுக்குப் பழக்கிவிட்ட மீன்காரி, காற்றின் திசை காட்டும் அம்புக்குறி தலைகீழாக இருக்கிறதென்று சொல்லித் திருத்தவைத்த கட்டுமரக்காரர். ஒருவரும் காசு வாங்கியதில்லை.

"இதுல சொந்தக்காரன் யாரு?" என்றார் முதலாளி.

ஜெஸிந்தா சொன்னாள்: "எல்லாரும்தான். விக்கணும்னா எல்லாரும் சம்மதிக்கணும். எழுத்து பொடிசா இருக்குன்னு போன வருஷம் ஒருத்தர் கண்டபடி திட்டினார். அதுக்கப்புறம்தான் எழுத்தைப் பெருசாக்குனாங்க. அவரும் சம்மதிக்கணும்."

"எவன் அவன்?"

"நீங்கதான் முதலாளி. நீங்க திட்டத் திட்ட நான்தான் அதை இவங்களுக்கு எழுதி அனுப்பினேன்."

முதலாளி போனை எடுத்துச் செயலியைத் திறந்து பார்த்தார். கண்ணாடி இல்லாமலே எழுத்து தெரிந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, கட்டுமரக்காரருக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.