சடையனின் இடது காது

ஒரு காட்டில், பொழுது விடிந்து பட்டியில் இருந்த ஆடுகள் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, சடையன் என்ற நாய் கொம்பையா என்ற கடாவின் மேலுதட்டைக் கடித்துவிட்டது.

லேசான கடி இல்லை. ரத்தம் வந்தது.

"கடிச்சிட்டான்!" என்று கொம்பையா கத்தினார். "என்னையே கடிச்சிட்டான்! இந்தப் பட்டிக்கே நான்தான் தலைவன்!"

"தலைவர்னு பார்த்துக் கடிக்கலைங்க. முன்னால நின்ன உதட்டைக் கடிச்சிருக்கான்," என்றாள் அவர் மனைவி செங்காயி.

சடையன் வெளியாள் இல்லை. கண் திறக்காத குட்டியாக ஓடைக்கரையில் கிடந்தவனைச் செங்காயி எடுத்துவந்து, தன் குட்டிகளோடு சேர்த்துப் பால் கொடுத்து வளர்த்தாள். ஆறு வருஷமாகப் பட்டியின் வாசல் படலுக்குக் குறுக்கே படுத்துக் காவல் காத்தான். அவன் அங்கே படுத்த நாளிலிருந்து நரி அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

அந்தப் பட்டியில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் மேயப் போகும்போது ஒவ்வோர் ஆடும் சடையனின் இடது காதை உதட்டால் கவ்வி, ஓர் இழுப்பு இழுத்துவிட்டுத்தான் படலைத் தாண்ட வேண்டும். அதற்குக் 'காது மரியாதை' என்று பேர். ஆடு இழுக்கிறது, நாய் சும்மா இருக்கிறது என்று காடே வாயைப் பிளக்கும். கொம்பையாவுக்கு அதில் அப்படி ஒரு பெருமை. வழியில் போகிற மானைக்கூடக் கூப்பிட்டு, "நீயும் ஒரு தடவை இழுத்துப் பாரேன். ஒண்ணும் செய்ய மாட்டான்," என்பார்.

சடையனுக்கு இது பிடிக்கிறதா என்று யாரும் கேட்டதில்லை.

இப்போது அதே காதை இழுத்ததற்குத்தான் கடி.

"தூக்கக் கலக்கமா இருக்கும்," என்றார் கொம்பையா, உதட்டை நக்கிக்கொண்டே. "இன்னொருத்தர் இழுத்துப் பார்த்தா தெரிஞ்சிடும். மச்சான், நீ போ."

மொட்டையன் அவருடைய மைத்துனன். பிறவியிலேயே கொம்பு கிடையாது. பயம் மட்டும் நிறைய உண்டு.

"நான் எதுக்கு மச்சான்?"

"உனக்குத்தான் கொம்பு இல்லையே. உன்னைப் பார்த்தா யாருக்கும் கோபம் வராது."

மொட்டையன் போனான். சடையன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மொட்டையன் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனான். சடையன் எழுந்து நாலு எட்டுத் தள்ளிப் போய்ப் படுத்தான். மொட்டையன் அங்கேயும் போனான். சடையன் உறுமினான். மொட்டையன் காதை இழுத்தான்.

முழங்காலில் கடி.

"இப்ப சந்தேகமே இல்லை," என்றார் கொம்பையா. "ஆனாலும் உறுதிப்படுத்திக்கணும். அடுத்து யாரு?"

உச்சிப்பொழுதுக்குள் ஐந்து பேர் உறுதிப்படுத்திக்கொண்டார்கள். ஐந்து பேரும் நொண்டினார்கள்.

கூட்டம் போட்டார்கள். கண் பட்டுவிட்டது என்றது ஒரு கிழட்டு ஆடு. தின்று கொழுத்துவிட்டான் என்றது இன்னொன்று. மலைப்பக்கத்து நாய்களோடு சேர்ந்து கெட்டுப்போனான் என்றான் மொட்டையன். சடையன் ஆறு வருஷமாகப் படலை விட்டு நகர்ந்ததே இல்லை. அதைச் சொல்ல அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

சடையன் இடது பக்கத்தைத் தரையில் அழுத்திப் படுத்திருந்தான். அதை எல்லாரும் பார்த்தார்கள். திமிர் என்று நினைத்தார்கள்.

அப்போது வேலிக்கு வெளியே, நல்ல தூரத்தில், நரி வந்து நின்றது. அதன் குணம் பணிவு. அந்தக் காட்டில் அதைப்போலப் பணிவாகப் பேச யாராலும் முடியாது.

"வணக்கம் அண்ணாச்சி. உதட்டுல காயமாமே. கேள்விப்பட்டதிலேருந்து எனக்குச் சோறு இறங்கலை."

"பாரு, வெளியாளுக்கு இருக்கிற அக்கறையை!" என்றார் கொம்பையா.

"ஆறு வருஷம் பால் குடிச்ச வாயி அண்ணாச்சி. எப்படி மனசு வந்துச்சு? ஒண்ணு கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க. நான் உங்களை ஒரு தடவையாவது கடிச்சிருக்கேனா?"

கொம்பையா நன்றாக யோசித்துப் பார்த்தார். உண்மைதான். நரி அவரை ஒரு தடவைகூடக் கடித்ததில்லை.

அது ஏன் என்று மட்டும் யோசிக்கவில்லை.

செங்காயிக்குப் பேச்சில் நம்பிக்கை இல்லை. ஓடைக்குப் போய் உண்ணிக்கொக்கைக் கூட்டிவந்தாள். மாடு, எருமை முதுகில் உட்கார்ந்து உண்ணி பொறுக்கித் தின்கிற கொக்கு அது. நோய் தெரியும். மரியாதை தெரியாது.

கொக்கு நேராகச் சடையனிடம் போகவில்லை. பத்தடி தள்ளி நின்றது.

"பக்கத்துல வரட்டுமா?"

சடையன் வாலை ஒரு தடவை ஆட்டினான். கொக்கு இரண்டடி வந்தது. நின்றது. மறுபடி கேட்டது. அப்படியே கேட்டுக் கேட்டு வந்து, சடை முடியை அலகால் விலக்கிக் காதுக்குள் எட்டிப் பார்த்தது.

"அட கர்மமே," என்றது.

காதுக்குள்ளே உண்ணிகள் திராட்சைக் கொத்து மாதிரி தொங்கின. அடியில் புண். புண்ணில் சீழ். கொக்கு ஒவ்வொன்றாகப் பிடுங்கியது. சடையன் பல்லைக் கடித்துக்கொண்டு நடுங்கினான், கொக்கைக் கடிக்கவில்லை.

"இவ்வளவு வலியை வெச்சுக்கிட்டு ஏன்டா சொல்லலை?" என்று கொம்பையா அதட்டினார்.

"சொன்னேன் ஐயா," என்றான் சடையன். "முதல்ல முகத்தைத் திருப்பினேன். பின்னாலேயே வந்தீங்க. எழுந்து தள்ளிப் போனேன். அங்கேயும் வந்தீங்க. உறுமினேன். சிரிச்சீங்க. அதுக்கு மேல என்கிட்ட பல்லு மட்டும்தான் ஐயா மிச்சம் இருந்துச்சு."

கொம்பையா விடவில்லை.

"வாயால சொல்லியிருக்கலாமே!"

"காவல்காரன் வலிக்குதுன்னு சொல்லலாமான்னு நீங்கதானே போன வருஷம் கேட்டீங்க?"

கொக்கு அலகைப் புல்லில் துடைத்துக்கொண்டு கொம்பையா பக்கம் திரும்பியது.

"கேளு. உண்ணியை எடுத்துட்டேன். புண் ஆற மூணு நாள் ஆகும். அதுவரைக்கும் யாரும் காதைத் தொடக் கூடாது. குட்டிகளை அவன் பக்கமே விடாதே, நடுவுல ஒரு முள்தடுப்பு வை. அவன் உறுமினா கோவப்படாதே. முன்கூட்டியே சொன்னதுக்கு நன்றின்னு சொல்லிட்டு நகரு. புரிஞ்சுதா?"

"இது ஒரு விஷயமா?" என்றார் கொம்பையா. "மூணு நாள்தானே."

முதல் நாள் நன்றாகப் போனது. ஆடுகள் காதைத் தொடாமல் படலைத் தாண்டின. யாருக்கும் கடி விழவில்லை. மொட்டையன்கூட, "இது நல்லா இருக்கே மச்சான், காலையில நேரம் மிச்சமாகுது," என்றான்.

இரண்டாம் நாளும் அப்படித்தான். மேய்ச்சல் நிலத்தில் மட்டும் நரி எதிரே வந்தது. இந்தத் தடவை கொஞ்சம் கிட்டத்தில்.

"அண்ணாச்சி, காட்டுல ஒரு பேச்சு. நான் நம்பலை."

"என்ன பேச்சு?"

"நாய்க்குப் பயந்து கொம்பையா காது மரியாதையையே நிறுத்திட்டாராம். மானு சொல்லிச் சொல்லிச் சிரிக்குது. நான் சண்டை போட்டேன் அண்ணாச்சி. அவர் தலைவரு, பயப்படுற ஆள் இல்லைன்னு."

கொம்பையாவுக்கு மேய்ந்த புல் கசந்தது. வீடு திரும்பியதும் செங்காயியிடம் போய் நின்றார்.

"நாளைக்குக் காது மரியாதை நடக்குது."

"இன்னும் ஒரு நாள் இருக்குங்க."

"நாளைச் சாயங்காலத்துக்கும் நாளைக் காலைக்கும் என்ன பெரிய வித்தியாசம்? வால் ஆட்டுறான் பாரு. ஆறிப்போச்சு."

"வால் ஆட்டுறது வாலு. புண்ணு இருக்கிறது காதுல."

"ஊரே சிரிக்குதுடி!"

"சிரிச்சா உங்களுக்குக் காயமா ஆகுது? விடுங்களேன் அந்தக் காதை. உங்களுக்கு வேற வேலையே இல்லையா?"

அவருக்கு வேறு வேலை இல்லை. அதுதான் சிக்கல்.

மூன்றாம் நாள் காலையில் கொம்பையா மானைக் கூப்பிட்டார், முயலைக் கூப்பிட்டார், காட்டில் கண்ணில் பட்டதையெல்லாம் கூப்பிட்டார். எல்லாரும் பார்க்க முள்தடுப்பைக் கொம்பால் தள்ளினார். தானே போய்த் தொட்டால் அதில் என்ன அதிசயம் என்று நினைத்தார். பட்டிக்குச் சடையன் மேல் எவ்வளவு நம்பிக்கை என்று காட்ட வேண்டுமே. அதனால் பட்டியிலேயே சின்னதான தன் மகள் சிட்டுவை முன்னால் தள்ளிவிட்டார்.

சிட்டுவுக்குப் பிறந்து இருபது நாள்தான். அவள் முகம் மொத்தமும் சடையனின் வாய்க்குள் போகிற அளவுதான்.

"போ சிட்டு. காதை இழு. ஒண்ணும் செய்ய மாட்டான்."

சடையன் முகத்தைத் திருப்பினான்.

"பார்த்தீங்களா, வெட்கப்படுறான்," என்றார் கொம்பையா.

சடையன் எழுந்து தள்ளிப் போனான். கொம்பையா மகளை நெற்றியால் முட்டி முட்டிப் பின்னாலேயே கொண்டுபோனார். சடையன் போய்க்கொண்டே இருந்தான். வேலி வந்துவிட்டது. அதற்கு மேல் போக இடம் இல்லை.

சடையன் உறுமினான்.

"ஐயா, பாப்பாவைக் கூட்டிக்கிட்டுத் தள்ளிப் போங்க."

"எங்கிட்டயே உறுமுறியா? சிட்டு, இழு!"

செங்காயி கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடிவந்தாள். அவள் தூரத்தில் இருந்தாள். சிட்டுவின் உதடு காதில் பட்டது. சடையனின் வாய் திறந்தது. பல் தெரிந்தது. அந்தப் பல் சிட்டுவின் கன்னம் வரைக்கும் வந்தது.

வந்து, மூடிக்கொண்டது.

சடையன் வேலியின் மேல் பாய்ந்தான். முள் வயிற்றைக் கிழித்தது. அந்தப் பக்கம் விழுந்து, எழுந்து, திரும்பிப் பார்க்காமல் ஓடினான். சிட்டுவைக் கடிக்காமல் இருக்க அவனுக்கு வேறு வழி தெரியவில்லை.

"ஓடிட்டான், கோழை!" என்று கொம்பையா கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "இவ்வளவு நாள் இவனை நம்பினேன் பாருங்க."

கூட்டம் கலைந்தது. செங்காயி சிட்டுவிடம் வந்தாள். சிட்டுவை நக்கி, காயம் இல்லை என்று பார்த்தாள். பிறகு பின்பக்க வேலியில் இருந்த இடுக்கைக் கொம்பால் பெரிதாக்கினாள்.

"எங்கடி போறே?"

"அவனைத் தேடித்தான். வாசல்ல ஆள் இல்லாத பட்டியில நான் என் மகளை வெச்சுக்க மாட்டேன்."

பட்டியே அவள் பின்னால் இடுக்கில் நுழைந்தது. கடிபட்டவர்கள்தான் முந்திக்கொண்டார்கள்.

"உன்னைக் கடிச்சவனைத் தேடியா போறே?" என்று கொம்பையா மொட்டையனைக் கேட்டார்.

"கடிச்சான், சரி," என்றான் மொட்டையன், நொண்டிக்கொண்டே. "முழங்காலோட விட்டுட்டான்ல மச்சான்."

அந்த நேரத்தில் படலை யாரோ மெல்லத் தட்டினார்கள். தட்டிவிட்டு, தள்ளித் திறந்துகொண்டு உள்ளே வந்தது நரி. சடையன் படுத்திருந்த இடத்தில் பணிவாக உட்கார்ந்தது.

"அண்ணாச்சி, காவலுக்கு ஆள் இல்லைன்னு கேள்விப்பட்டேன். சம்பளம் வேண்டாம். சாப்பாடு நானே பார்த்துக்குவேன்."

கொம்பையாவின் கண் கலங்கியது. இப்படி ஒரு மனசா!

"இங்க ஒரு வழக்கம் இருக்கு தம்பி. உனக்குச் சிரமமா இருக்கும்."

"காது மரியாதைதானே? இதுல என்ன சிரமம் அண்ணாச்சி?" நரி தலையைச் சாய்த்து இடது காதை நீட்டியது. "எவ்வளவு நேரம் வேணும்னாலும் இழுங்க. நான் முகத்தைத் திருப்ப மாட்டேன். எழுந்து போக மாட்டேன். உறுமவே மாட்டேன்."

கொம்பையா தொண்டையைச் செருமிக்கொண்டு, கழுத்தை நீட்டி, குனிந்தார்.

வேலி இடுக்குக்கு அந்தப் பக்கத்திலிருந்து செங்காயி கூப்பிட்டாள். கோபமாகக்கூட இல்லை. "என்னங்க, ஒண்ணும் பேசாம அப்படியே பின்னால நடந்து இங்க வந்துடுங்க."

கொம்பையா வரவில்லை.

நீதி: வலியில் உறுமுகிறவனைச் சோதித்துப் பார்க்காதே, விலகி நின்று, வலி எங்கே என்று பார்.