கம்ப்யூட்டரில் பிறக்காத பிள்ளை

இதை எனக்கு முதலில் சொன்னவள் என் மூத்த மருமகள் மெர்சி. போன தவக்காலத்தில், கோயிலுக்குப் போகிற வழியில். அவள் பிரசவ வார்டில் நர்ஸ். கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னாள்.

அங்கே பெரிய டாக்டர் ராஜமன்னார். டாக்டருக்குப் படிக்கிற மாணவர்களுக்குப் பாடம் எல்லாம் தள்ளுவண்டியில் வைத்த கம்ப்யூட்டரில்தான். பொற்கொடி என்கிற மாணவி மட்டும் நோயாளிகள் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பாள். அது அவருக்குப் பிடிக்காது.

"அரட்டை அடிக்கவா வந்தே? ஏழாம் கட்டில் சரசுவைப் பத்தி கம்ப்யூட்டர்ல உள்ளபடி சொல்லு. ஒரு எழுத்து மாறினாலும் இந்த வார்டுல இன்னும் மூணு மாசம் பயிற்சிக்கு இருக்கணும்!"

அவள் பணிவாக வாசித்தாள்: "இன்று காலை எட்டு மணி. தாய் நலம். வயிற்றில் குழந்தையின் இதயத்துடிப்பு நூற்று நாற்பது. பார்த்தவர், டாக்டர் ராஜமன்னார்."

"பாத்தியா? எல்லாம் இதுலயே இருக்கு!" என்றார் அவர், திரையை விட்டுக் கண்ணெடுக்காமல்.

"இருக்கு சார். நாளைக்கு நானே துடிப்பைக் கேக்கணும். எங்கே வச்சுக் கேக்கணும் சார்?"

"வயித்துலதான்! வேற எங்கே?"

பொற்கொடி சரசுவின் கையிலிருந்த மூன்று நாள் பிள்ளையை வாங்கி அவர் முன்னால் நீட்டினாள். "அப்போ இவனை மறுபடி உள்ளே வைக்கணுமே சார்."

பிள்ளை வீறிட்டான். வார்டே சிரித்தது. சரசு வந்து சேர்ந்த அன்று எழுதியதையே மனுஷர் தினமும் பிரதி எடுத்து ஒட்டியிருக்கிறார்! அவர் பொற்கொடி வார்டுப் பயிற்சியை முடித்துவிட்டாள் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, "எல்லாரும் கட்டில் பக்கம் வாங்க" என்றார்.

நீங்களும் ஆஸ்பத்திரிக்குப் போனால், கோபப்படாமல், "என்னையும் ஒரு தடவை பாருங்க டாக்டர்" என்று மட்டும் கேளுங்கள்.